அத்தியாயம் 9: அப்பா ஓர் ஊர், அம்மா ஓர் ஊர், விண்ணப்பம் ஒன்று

பிளஸ் டூ முடிவு வெளியாகும் மே மாதம்தான் ஊட்டியில் சீசன். மலர்க் கண்காட்சிக்கு வரும் வண்டிகளில் சேரிங் கிராஸ் அடைத்துக் கிடக்கும். மஞ்சூரிலிருந்தோ பந்தலூரிலிருந்தோ ஒரு நீதிமன்ற நகலுக்காக ஊட்டிக்குக் கிளம்பினால் அன்றைய கூலி போனதுதான். அடுத்து ஜூன் வந்தால் கூடலூர்ப் பக்கம் மழை. கல்லூரிகள் சான்றிதழ் கேட்பதும் இந்த இரண்டு மாதங்களில்தான். அதனால் இந்த அத்தியாயத்தில் சொல்லும் வேலைகளைப் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பிரிந்து வாழும் பெற்றோருக்கு மற்றவர்களைவிட சில தாள்கள் கூடுதலாகத் தேவைப்படும். அவைதான் கடைசி நேரத்தில் கிடைக்காமல் இழுக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "பெற்றோர் வருமானம்" என்று தாலுகா அலுவலகம் சொல்வது ஒன்று, வங்கி சொல்வது இன்னொன்று, வருமான வரித்துறை சொல்வது மூன்றாவது. ஓர் இடத்தில் ஒப்புக்கொண்டதை அடுத்த இடத்திலும் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். அமெரிக்காவில் உள்ள உறவினர் யாராவது, "பிள்ளையை யார் வரிக் கணக்கில் காட்டுகிறார்களோ அவர்கள்தான் கல்லூரி உதவிக்கும் மனுப் போட வேண்டும்" என்று சொன்னால் அதையும் ஒதுக்கி வையுங்கள். அங்கேயே அந்த இரண்டும் ஒன்றல்ல. பிள்ளை யாரோடு அதிக நாள் வசிக்கிறதோ அவர் கணக்கு என்றிருந்த அரசு உதவி விண்ணப்பம், 2024-25 கல்வியாண்டு முதல் யார் அதிகம் செலவழிக்கிறாரோ அவர் கணக்கு என்று மாறியது. நம் ஊரிலோ, சார்ந்திருக்கும் பிள்ளைக்கென்று வரியில் பொதுவான கழிவே கிடையாது.

வருமானச் சான்று

கல்வி உதவித்தொகை எதுவானாலும் பெரும்பாலும் இந்தச் சான்றில்தான் வந்து நிற்கும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட உதவித்தொகைக்கும், பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான உதவித்தொகைக்கும் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகைக்கு உச்சவரம்பு 4.5 லட்சம். பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும்.

இ-சேவை மையத்தில் ஆர்இவி-103 என்ற எண்ணில் இந்தச் சான்றுக்கு மனுப் போட வேண்டும். மனு முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) போகும், பிறகு வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), கடைசியில் தாசில்தார். வி.ஏ.ஓ. விசாரணைதான் முக்கியம். "வீட்டுக்காரர் எங்கே?" என்ற கேள்வி அங்கேதான் வரும். வாயால் பதில் சொன்னால் அவருக்குப் போதாது, கோப்பில் வைக்க ஒரு தாள் வேண்டும். விவாகரத்துத் தீர்ப்பாணையின் சர்டிஃபைட் காப்பியில், பிள்ளை அம்மாவின் பொறுப்பில் என்று ஒரு வரி இருந்தால், அம்மாவின் வருமானத்தை மட்டும் கணக்கில் எடுங்கள் என்று கேட்க அதுவே உங்களுக்குப் பிடிமானம். ஜெராக்ஸை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்பலாம். சர்டிஃபைட் காப்பி மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று எப்படியும் ஏதாவது ஓர் அலுவலகக் கோப்பில் தங்கிவிடும்.

சரி, அம்மாவின் வருமானம் என்றால் என்னென்ன? எல்லா வழிகளிலும் வரும் வருமானம் என்கிறது விதி. மாதாமாதம் வரும் ஜீவனாம்சத்தையும் விண்ணப்பத்தில் காட்டிவிடுங்கள். கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்குப் பிடித்தம் போக மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,44,000. திருப்பூரிலிருந்து அப்பா மாதம் 8,000 அனுப்புகிறார், அது 96,000. மொத்தம் 2,40,000, வரம்புக்குள் வந்துவிட்டது. ஜீவனாம்சம் 10,000 ஆனால் மொத்தம் 2,64,000 ஆகி வரம்பு தாண்டிவிடும். உடனே, "அப்போ எட்டாயிரமே போதும்னு எழுதிடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். மாதம் 2,000 என்றால் ஆண்டுக்கு 24,000. அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. படிக்கும் பிள்ளைக்கு உதவித்தொகையாக அவ்வளவு வருமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். சுயநிதிக் கல்லூரியில் தொழிற்படிப்பு என்றால் கணக்கு வேறு மாதிரி போகலாம். அப்போதும் ஜீவனாம்சத்தைக் குறைப்பதைவிட, கூடுதல் தொகையைக் கல்லூரிக்கே அப்பா நேரடியாகக் கட்டட்டும் என்று எழுதுவது மேல். அம்மாவின் கைக்கு வராத பணத்தை அம்மாவின் வருமானமாகக் காட்ட வேண்டியதில்லை. ரசீதும் அப்பாவின் பெயரில் இருக்கும்.

தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. "எங்களுக்கு இன்கம்டாக்ஸே இல்லை, அப்புறம் என்ன வருமானம்?" பச்சை இலையை ஃபேக்டரிக்கு விற்கும் சிறு விவசாயியின் வரவு விவசாய வருமானம், அதற்கு மத்திய வருமான வரி இல்லை என்பது உண்மை. ஆனால் உதவித்தொகைக்கான வருமானச் சான்றில் அதுவும் சேரும். ஃபேக்டரி தரும் மாதக் கணக்குச் சீட்டு, உரச் செலவு, பறிப்புக் கூலி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வி.ஏ.ஓ.விடம் போங்கள். இலை விலை ஏறி இறங்குவது அவருக்கும் தெரியும். சீட்டில்லாமல் போனால் ஏக்கருக்கு இவ்வளவு என்று அவராக ஒரு மதிப்பைப் போடுவார், அது உங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இதில் படகர் ஊர்களான ஹட்டிகளில் இன்னொரு சிக்கல் வரும். கணவனைப் பிரிந்து பிறந்த ஹட்டிக்குத் திரும்பிய பெண், அப்பாவின் தோட்டத்தில் வேலை செய்கிறார். இலை ஃபேக்டரியில் தாத்தா பெயரில் விழுகிறது. பிள்ளையைப் படிக்க வைப்பதும் தாத்தாதான். அதற்காகத் தாத்தாவைக் காப்பாளர் என்று விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள். ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகை விதிகளில் இது தெளிவாகவே இருந்து வருகிறது: பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை பெற்றோர் வருமானம் மட்டுமே கணக்கு, வீட்டில் வேறு யார் சம்பாதித்தாலும் அது சேராது. வேலைக்குப் போகும் அண்ணனின் சம்பளமும் இதில் வராது. இந்த விதி உங்களுக்குச் சாதகமானது. தாத்தாவைக் காப்பாளராக்கினால் அவருடைய தோட்டத்தை நீங்களே கொண்டுவந்து கணக்கில் சேர்த்ததாக ஆகிவிடும்.

தீர்ப்பாணை இல்லாதவர்கள்

மலையில் பிரிந்து வாழ்பவர்களில் பலர் கோர்ட் படியே ஏறியிருக்க மாட்டார்கள். கணவன் சமவெளிக்கு வேலைக்குப் போனவன் திரும்பவில்லை, அல்லது ஊர்க் கூட்டத்தில் பேசி முடித்தார்கள், அல்லது இருபது ரூபாய் பத்திரத்தில் "இனி ஒருவர் வாழ்க்கையில் ஒருவர் தலையிட மாட்டோம்" என்று எழுதி நோட்டரி முத்திரை குத்தினார்கள். இந்தப் பத்திரத்தால் விவாகரத்து ஆகிவிடாது. எழுதிக் கொடுத்த வக்கீலுக்கும் அது தெரிந்திருக்கும்.

ஊர்க் கூட்டத் தீர்வின் கதை கொஞ்சம் வேறு. இந்துத் திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு, வழக்காற்றின்படி நடக்கும் விவாகரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் அப்படியொரு வழக்காறு அந்தச் சமூகத்தில் காலங்காலமாக உண்டு என்பதை நிரூபிக்க வேண்டியது அதைச் சொல்பவரின் பொறுப்பு. தாசில்தார் அதை முடிவு செய்ய மாட்டார், செய்யவும் முடியாது. சிவில் நீதிமன்றத்தில் விளம்புகைத் தீர்ப்பு வாங்கிவிட்டால் அதன் பிறகு எந்த அலுவலகத்திலும் கேள்வி இருக்காது. படகர் சமூகத்தில் ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்த காரியத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவது அவமரியாதை என்று நினைக்கும் குடும்பங்கள் உண்டு. பிள்ளையின் படிப்புக்காகத்தான் என்று பெரியவர்களிடமே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவர்களே சாட்சிக்கு வந்தால் வழக்கு சுலபமாகும்.

கணவன் விட்டுவிட்டுப் போய் எந்தத் தாளும் இல்லாதவர்கள், கைவிடப்பட்ட பெண் என்பதற்கான சான்றிதழைத் தாலுகா அலுவலகத்திலிருந்து பெறலாம். இ-சேவையில் ஆர்இவி-105. வி.ஏ.ஓ. அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு அண்டை வீட்டாரும் மேஸ்திரியும் சொல்லும் வார்த்தைக்கு மதிப்புண்டு. கைவிடப்பட்ட பெண்களுக்கான மாத ஓய்வூதியத்துக்கு ஐந்தாண்டுப் பிரிவு அல்லது நீதிமன்ற உத்தரவு வேண்டும், வயதும் 30 ஆகியிருக்க வேண்டும். "கைவிடப்பட்ட பெண்" என்ற பெயரைக் கேட்டதும் கூச்சப்பட்டு, "எனக்கு அந்த சர்டிபிகேட் வேண்டாம்" என்பவர்கள் அதிகம். அந்தக் கூச்சத்துக்கு நியாயம் இருக்கிறது. சான்றிதழுக்கு இன்னும் கௌரவமான பெயர் வைத்திருக்கலாம். ஆனாலும் வாங்கிவிடுங்கள்.

வழக்குப் போட கோயம்புத்தூருக்கோ கணவன் இருக்கும் ஊருக்கோ அலைய வேண்டாம். இந்துத் திருமணச் சட்டத்தில் 2003-இல் செய்த திருத்தத்தின்படி, மனைவி தான் வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். வக்கீல் கட்டணம் கவலை என்றால், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஊட்டியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

ஒப்பந்தத்தில் கல்லூரியை எழுதுங்கள்

பரஸ்பர சம்மத விவாகரத்தில் பெரும்பாலோர் நகையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார்கள், பிள்ளையைப் பற்றி ஒரு வரி எழுதுவார்கள்: "குழந்தையின் படிப்புச் செலவைத் தந்தை ஏற்பார்." பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. பன்னிரண்டு ஆண்டு கழித்து இந்த வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எந்தப் படிப்பு, எதுவரை, விடுதி சேருமா என்று ஒவ்வொன்றுக்கும் சண்டை வரும்.

பதினெட்டு வயதுதான் இங்கே பள்ளம். கல்லூரி தொடங்குவதும் அந்த வயதில்தான், ஜீவனாம்ச உத்தரவுகள் பல முடிவதும் அந்த வயதில்தான். மகளுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு இருக்கிறது. இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 1956-இன் 20(3) பிரிவின்படி, தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாத மணமாகாத மகள் 18 வயதுக்குப் பிறகும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பரில் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு உத்தரவில், அயர்லாந்தில் படித்த மகள் ஒருத்தியின் வழக்கில், படிப்புச் செலவைப் பெற்றோரிடமிருந்து பெறுவது மகளின் சட்டபூர்வமான உரிமை என்றது. மகனுக்கு இவ்வளவு திடமான பிடி இல்லை. அதனால் மகன் இருக்கும் வீட்டில் ஒப்பந்த வாசகம் இன்னும் முக்கியம்.

ஒரு மாதிரி வாசகம்: "மேற்படி மகன், முதல் பட்டப்படிப்பை முடிக்கும் நாள் வரை அல்லது 23 வயது நிறையும் வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை, கல்லூரிக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதி மற்றும் உணவுக் கட்டணம், ஆண்டுக்கு நான்கு முறை வீட்டுக்கு வந்து போகும் பயணச் செலவு ஆகியவற்றில் நூற்றுக்கு அறுபது பங்கைத் தந்தையும் நாற்பது பங்கைத் தாயும், கேட்புச் சீட்டு கிடைத்த பதினைந்து நாட்களுக்குள், கல்லூரியின் வங்கிக் கணக்கிலேயே செலுத்த வேண்டியது. உதவித்தொகை, கல்விக்கடன், முதல் பட்டதாரிச் சலுகை ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களில் தாய் மட்டும் கையெழுத்திடத் தந்தைக்கு ஆட்சேபணை இல்லை."

வயதையும் விகிதத்தையும் உங்கள் நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். விடுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மலைப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தைவிட இருப்பிடச் செலவே பெரிது. எருமாட்டிலிருந்து ஊட்டி அரசு கலைக் கல்லூரிக்கோ குன்னூர் பிராவிடன்ஸ் கல்லூரிக்கோ தினமும் போய் வர முடியாது. கோயம்புத்தூர் என்றால் கேட்கவே வேண்டாம். கடைசி வாக்கியத்தையும் வக்கீல் "இதெல்லாம் எதுக்கும்மா" என்று அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவின் கையெழுத்துக்காகக் காத்திருந்தே கடைசித் தேதி போன பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சம்மதம் இல்லாமல் வழக்காக நடந்தால், 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி இருவரும் சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். பிள்ளையின் படிப்புச் செலவைச் சாதாரணமாகத் தந்தை ஏற்க வேண்டும், தாயும் போதுமான அளவு சம்பாதித்தால் விகிதப்படி பிரிக்கலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. உங்கள் வக்கீலிடம் இந்த வழக்கின் பெயரைச் சொல்லுங்கள்.

மற்ற திட்டங்கள்

புதுமைப் பெண் (2022 செப்டம்பர்), தமிழ்ப் புதல்வன் (2024 ஆகஸ்ட்) இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே போகும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது உண்டு. அப்பா யார், வருமானம் என்ன என்ற கேள்வி வராது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தொழிற்படிப்புக்குப் போனால் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

முதல் பட்டதாரிச் சான்று (ஆர்இவி-104) விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பத்தாண்டாக முகமே பார்க்காத அப்பா பி.காம். முடித்தவர் என்றால், "அவர்தான் இல்லையே" என்று கூட்டு உறுதிமொழியில் கையெழுத்துப் போடாதீர்கள். விவாகரத்து கணவன் மனைவி உறவைத்தான் முறிக்கிறது, அவர் அப்பா என்பதை அல்ல. பொய்யென்று தெரிந்தால் சலுகையும் போய், கையெழுத்துப் போட்டவரும் மாட்டிக்கொள்வார்.

எஸ்டேட் தொழிலாளர்கள், தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியத்தின் கல்வி உதவித்தொகையை மறக்க வேண்டாம். சம்பளத்தில் பிடிக்கும் சிறு தொகை அந்த வாரியத்துக்குத்தான் போகிறது. அப்பா அம்மா இருவரும் ஒரே எஸ்டேட்டில் பேர் போட்டிருந்தவர்கள் என்றால், பிரிந்த பிறகு அம்மா தன் பெயரிலேயே மனுப் போடட்டும்.

வங்கி

நான்கு லட்சம் வரை கல்விக்கடனுக்கு நம் பங்குப் பணம் வேண்டாம், ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு வேண்டாம். ஆனால் பெற்றோர் ஒருவர் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும். அம்மா மட்டும் போதும்; "அப்பாவையும் கூட்டி வா" என்று கிளையில் சொன்னால் தீர்ப்பாணையைக் காட்டி, மறுப்பதானால் எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அதன் பிறகு மறுக்க மாட்டார்கள். உண்மையான தடை வேறு இடத்திலிருந்து வரும்: கணவன் டிராவல்ஸ் வண்டிக்கு வாங்கிய கடனில் நீங்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்து, அவர் தவணையை நிறுத்தியிருந்தால் உங்கள் சிபில் மதிப்பெண் கெட்டிருக்கும். ஆண்டுக்கொரு முறை முழு சிபில் அறிக்கை இலவசம். பிள்ளை பத்தாவது முடிக்கும்போதே எடுத்துப் பாருங்கள், சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.

வரி

இந்தப் பகுதி சம்பளக்காரர்களுக்கு. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆடிட்டர்கள் பேச்சில் இன்னும் பழைய எண்களே புழங்குவதால் அவற்றையே தருகிறேன்.

கல்விக் கட்டணத்துக்கான 80சி கழிவு, கட்டியவருக்குத்தான். பிள்ளை யாரோடு இருக்கிறது என்பது பொருட்டல்ல. இருவரும் பங்கு போட்டுக் கட்டினால் அவரவர் கட்டியதற்கு அவரவர் கழிவு. கல்லூரியில் ரசீதை இரண்டாகக் கேட்டு வாங்குங்கள். விடுதி, பஸ், நன்கொடை எதுவும் இதில் சேராது. கல்விக்கடன் வட்டிக்கான 80இ கழிவோ, கடன் பத்திரத்தில் பெயர் உள்ளவர் கட்டினால்தான். பெயர் இல்லாத அப்பா நல்ல மனதோடு தவணை கட்டினாலும் கழிவு கிடையாது. இவை எல்லாம் பழைய முறையில்தான். புதிய முறையில் 2025-26 முதல் 12.75 லட்சம் வரை சம்பளக்காரருக்கு வரியே வராது என்பதால், யார் பெயரில் ரசீது என்ற சண்டை பல வீடுகளில் அர்த்தமில்லாமல் போய்விட்டது.

பிள்ளையின் பெயரில் போட்ட டெபாசிட்டைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மைனர் பிள்ளையின் வட்டி வருமானம், பெற்றோரின் திருமண பந்தம் நீடிக்கும்வரை இருவரில் அதிகம் சம்பாதிப்பவர் கணக்கில் சேரும். திருமண பந்தம் முடிந்துவிட்டால், அந்த ஆண்டு பிள்ளையை வளர்ப்பவர் கணக்கில் சேரும் என்கிறது பழைய 64(1ஏ) பிரிவு. வங்கியிலோ அப்பாவின் பான் எண்ணே இணைந்து கிடக்கும். பிள்ளை உங்களிடம் இருந்தால் பான் எண்ணையும் காப்பாளர் பெயரையும் மாற்றச் சொல்லி, தீர்ப்பாணை நகலோடு கடிதம் கொடுங்கள். 18 நிறைந்த நாளிலிருந்து அந்த வட்டி பிள்ளையின் சொந்த வருமானம்.

தபால் ஆபீசில் மகளுக்குச் செல்வமகள் கணக்கு இருந்தால், அதைத் தொடங்கிய காப்பாளர் யார் என்று பாஸ்புக்கைப் புரட்டிப் பாருங்கள். பத்தாம் வகுப்பு முடித்ததும், முந்தைய நிதியாண்டு இறுதியில் இருந்த இருப்பில் பாதி வரை மேற்படிப்புக்கு எடுக்கலாம். மகளுக்கு 18 ஆகும்வரை காப்பாளர்தான் கணக்கை இயக்க முடியும். அப்பா காப்பாளராக இருந்து ஒத்துழைக்கவில்லை என்றால், 18 நிறைந்ததும் மகள் தன் ஆதார், பான், பாஸ்புக்கோடு போய்க் கணக்கைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். பாஸ்புக் அப்பாவிடம் இருந்தால், நகல் பாஸ்புக்குக்கு இப்போதே விசாரித்து வையுங்கள்.